ஈறைப் பேனாக்கியவர்

எங்கள் தெருவில் அத்தனை பேருக்கும் வலது முழங்கையில் ஒரு மச்சம் உண்டு. காகிதத்தில் மட்டும். பள்ளிக்கூடத்து டி.சி., டிரைவிங் லைசென்ஸ், துறைமுகத்து கேட் பாஸ் என்று எதை எடுத்துப் பார்த்தாலும் அங்க அடையாளம் என்ற இடத்தில் 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்றுதான் இருக்கும். என் டி.சி.யிலும் அப்படியே. என் முழங்கையில் கொசு கடித்த தழும்புகூடக் கிடையாது. ஆளாளுக்கு மச்சம் தேடிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும் என்று எல்லோருக்கும் ஒரே மச்சத்தை வைத்தவர் ரைட்டர்.

ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரும் இல்லை. திருவொற்றியூரில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவர். எங்களுக்கு எதிர் வீடு. ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் மூன்று பேனா, வாயை மறைத்தபடி எப்போதும் ஒரு கைக்குட்டை. பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அவர் ரைட்டர் மாமா. இப்போது மாதவரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே யாருக்கெல்லாம் மச்சம் வைத்துக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை.

நேரில் அவர் பொய்யே பேசமாட்டார். ஒருமுறை என் அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பிய வஞ்சிரக் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "உப்பு தூக்கலா கீது, நீயே வெச்சிக்கோ" என்று கிண்ணத்தைத் திருப்பி அனுப்பியவர். அம்மா ஒரு மாதம் அந்த வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. ஆனால் கையில் ஒரு ஃபாரத்தைக் கொடுத்துவிட்டால் போதும், மனிதர் வேறு ஆளாகிவிடுவார்.

"ஃபாரம்னா இன்னானு நெனச்சிகினு கீற?" என்பார். "அதுக்குப் பசி. அது இன்னா துன்னும்னு பாத்து அத்தப் போடணும். உண்மையப் போட்டா வாந்தி எடுத்துடும்." வாந்தி என்றால் மனு திரும்பி வருவது.

இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்க அவர்தான் ஃபாரம் நிரப்பினார். வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் 'ஆங்கிலம்' என்று எழுதிவிட்டார். நேர்காணலுக்குப் போன அம்மா "குட் மார்னிங்" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் தொண்டை கட்டிவிட்டதாகச் சைகை காட்டினாள். சீட் கிடைத்தது. அதன் பிறகு அம்மா பள்ளிக்கூடத்துக்கு எப்போது வந்தாலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டுதான் வருவாள், மே மாதத்திலும்.

பக்கத்துச் சந்து ஆட்டோக்காரர் லைசென்ஸ் எடுத்த கதையும் உண்டு. அவருக்கு எதிரில் வருவது ஆளா அம்மிக்கல்லா என்று தெரியாது. உடல்நிலை பற்றி நம்மையே கேட்கும் ஃபாரத்தில் ரைட்டர், கண் பார்வை தெளிவு, மயக்கம் இல்லை, நடுக்கம் இல்லை என்று மளமளவென்று எழுதித் தள்ளினார். லைசென்ஸ் கைக்கு வந்த கையோடு ஆட்டோக்காரர் வண்டியைக் கொண்டுவந்து ரைட்டரின் மடக்கு நாற்காலி மேலேயே ஏற்றினார். ரைட்டர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார்.

"கண்ணு தெர்லன்னா கண்ணாடி போட்றதுக்கின்னாடா?" என்று கத்தினார்.

"தெளிவா தெரியும்னு நீதான நைனா எய்தி குட்த்த" என்றார் ஆட்டோக்காரர். அவர் அதை நிஜமாகவே நம்பியிருந்தார்.

அந்த மடங்கிப்போன நாற்காலியைத் தட்டி நிமிர்த்தியபடி ரைட்டர் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "வியாதி கீதானு ஃபாரம் கேட்டா, இல்லைனு போடு. அதான் சட்டம்." யார் போட்ட சட்டம் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

அவருக்கே ஒரு வியாதி இருந்தது. கைக்குட்டைக்குப் பின்னால்தான் இருந்தது. ஈறெல்லாம் சிவந்து வீங்கி, முன்பற்கள் தள்ளாட ஆரம்பித்திருந்தன. காலையில் தலையணை உறையில் ரத்தக் கறை இருக்கும் என்று அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், என் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். பன்னை டீயில் முக்கித்தான் தின்பார். நண்டு என்றால் உயிரை விடுகிற மனிதர், நண்டு வாங்காதே என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார். அவருடைய அப்பா ஒரே ஒரு பல்லைப் பிடுங்கப் போய், இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்து, சாகும்வரை கஞ்சி குடித்தவராம். "பல்லு போனா சொல்லு போச்சு. சொல்லு போனா எனக்கு இன்னா மே கீது?" என்று அத்தையிடம் சொல்வார். எழுதிய ஃபாரத்தை வாசித்துக் காட்டியே பிழைக்கிற வாய் அது. எனக்கு அவர்மேல் எரிச்சல் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு பாவமாகவும் இருந்தது.

நான் அப்போது ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். வாய்க்கு வெளிச்சம் பிடிப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, அழுகிற பிள்ளைகளைப் பிடிப்பது, இதெல்லாம் என் வேலை. எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. ஈறு நோய் முதலில் வலிக்காது, அதனால் யாரும் வருவதில்லை. பல் ஆடும்போதுதான் வருகிறார்கள். ஒரு தெரு மொத்தத்தையும் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் முதலில் ஒரு காகிதத்தில் சில கேள்விகளைக் கேட்போம், அவரவர் வாயைப் பற்றி அவரவரே சொல்லட்டும், சந்தேகமாக இருப்பவர்களுக்கு முதலில் கல்லூரியின் சிகிச்சை வேனை அனுப்புவோம் என்றார். என் தெருவிலேயே ஆரம்பிக்கச் சொல்லி ஒரு கட்டுத் தாளை என்னிடம் கொடுத்தார்.

தாளின் தலைப்பிலேயே சனி உட்கார்ந்திருந்தது. 'உங்கள் ஈறுகளின் நிலை.' எழுதும்போது வல்லின றகரம்தான். எங்கள் தெருவில் வாயால் சொன்னால் வல்லினம் இடையினம் எல்லாம் ஒரே இனம். பல்லைத் தாங்கும் ஈறும் பேன் முட்டையான ஈரும் ஒன்று.

முதலில் மீன்கார அக்காவிடம் போனேன். "அக்கா, உங்களுக்கு ஈறுல ஏதாவது பிரச்சினை இருக்கா?"

அவ்வளவுதான். கூடையைக் கீழே வைத்தார். கொண்டையை அவிழ்த்தார். "யாருக்கு ஈரு? தபாரு, வந்து பாரு என் தலைய! ஈரு கீதா, பேன் கீதா, காட்டு! வாரத்துக்கு ரெண்டு தபா சீயக்கா போட்டு குளிக்கிறவ நானு. மொதல்ல உன் தலையப் பாத்துக்கினியா நீ?"

கூட்டம் சேர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவதி வீட்டுக்குள் ஓடிப்போய் ஈர்கொல்லிச் சீப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். எனக்கு.

"அக்கா, தலை இல்லக்கா. வாய்ல. எகிறு, எகிறு!" என்று கத்தினேன். எங்கள் பக்கத்தில் ஈறை எகிறு என்றும் சொல்வார்கள்.

"நான் எகிர்றனா? வூடு தேடி வந்து பேன் கீதானு நீ கேப்ப, நான் எகிறக் கூடாதா?"

அதற்கு மேல் நான் யாரையும் வாயால் கேட்கவில்லை. தாளை மட்டும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். எங்கள் தெருவில் ஃபாரம் என்று ஒன்று வந்தால் அது எந்த வாசலுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஈர்கொல்லியைப் பார்த்த அதிர்ச்சியில் மூளை வேலை செய்யவில்லை.

இரண்டே நாளில் எல்லாத் தாளும் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில் திரும்பி வந்தன. ரத்தம் வருகிறதா, இல்லை. வீக்கம் இருக்கிறதா, இல்லை. பல் ஆடுகிறதா, இல்லவே இல்லை.

டாக்டரம்மா அசந்துபோனார். "உங்க தெருவுல ஒருத்தருக்குக்கூட ஈறு கெட்டுப்போகலயே! என்னதான் சாப்பிடுறாங்க?"

"கருவாடு மேடம்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டு, கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் நான் கொண்டுபோன நெத்திலிப் பொட்டலம், டிபார்ட்மெண்ட் ஃபிரிட்ஜில் இருந்த அத்தனை டாக்டர்களின் தயிர் சாதத்தையும் நெத்திலி சாதமாக்கிவிட்டது. வேன் எங்கள் தெருவுக்கு வரவேண்டிய அவசியமில்லை, பக்கத்து ஏரியாவுக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று. சந்துக்கு ஒருவர் கன்னத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கும் தெரு எங்களுடையது. நேராக எதிர் வீட்டுக்குப் போனேன்.

"மாமா, இன்னா பண்ணி வெச்சிக்கிற?"

"வியாதி கீதானு கேட்டுக்கிறான். இல்லைனு போட்டேன். சட்டம் அதான?" கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இது லைசென்ஸ் இல்ல மாமா. ஆமான்னு போட்டாதான் வேன் வரும். வைத்தியம் ஃப்ரீ."

ரைட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஃப்ரீயா? அட, இத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா கண்ணு? இது உதவித்தொகை ஃபாரம் ஜாதி! இதுக்கு வேற சாப்பாடு."

"சாப்பாடுலாம் வேணாம் மாமா. உண்மைய எழுதுனா போதும்."

"சரி சரி, எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புதுத் தாள் கட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்து தூங்கினேன்.

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று சொல்வார்கள். ரைட்டர் ஈறையே பெருமாளாக்கிவிட்டார். ரத்தம் வருகிறதா, ஆம், குடம் குடமாக. பல் ஆடுகிறதா, ஆம், காற்றடித்தாலும். ஒரு விசைப்படகுக்காரர் தாளில் 'படகு ஆடுவதால் பல்லும் ஆடுகிறது, கரைக்கு வந்த பிறகும் நிற்பதில்லை' என்றிருந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும், கேட்காமலேயே, 'சமூகம் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

டாக்டரம்மா பதறிப்போனார். தண்ணீரில் ஏதாவது கலந்துவிட்டதா, ஃபாக்டரிப் புகையா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஒரு வேன் போதாது என்று இரண்டு வேன் வந்து தெருமுனையில் நின்றது. கோயில் திருவிழா மாதிரி ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, விளக்குப் போட்டு ஆரம்பித்தோம்.

முதல் ஆள், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்ற பெரியவர். 'எல்லாப் பற்களும் ஆடுகின்றன.' டாக்டரம்மா விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

"தாத்தா, எல்லாப் பல்லும் ஆடுதுன்னு எழுதியிருக்கே?"

"ஆடுச்சும்மா. ஆடி ஆடிதான் போச்சி" என்றார் பெரியவர், கொஞ்சமும் கலங்காமல்.

அடுத்து ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். தாள் குழந்தையின் பேரில் இருந்தது. 'பல் துலக்கும்போது ரத்தம்: ஆம், மிகவும்.' குழந்தை பொக்கை வாயைத் திறந்து டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

"இன்னும் பல்லே முளைக்கலையேம்மா?"

"ரைட்டரு சொன்னாரும்மா. இப்பவே பேர் குட்த்து வெச்சா, பல்லு மொளைக்கிறப்போ சீனியாரிட்டி வருமாம்."

டாக்டரம்மா கையில் இருந்த வாய் பார்க்கும் கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. என்னைத்தான் முறைத்தார், நியாயம்தான். "இனிமே யாரும் யாருக்கும் எழுத வேண்டாம். நீ ஒவ்வொருத்தரையா கேளு. அவங்க வாய பத்தி அவங்க வாயாலயே சொல்லட்டும்" என்றார்.

கேட்டேன். இந்த முறை ஈறு என்ற பேச்சையே எடுக்காமல், பல்லைத் தாங்குகிற சதை என்று விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டேன். ரைட்டர் ஷாமியானா ஓரத்தில், மூன்று பேனாவோடு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரும் தனக்குத் தானே பதில் சொல்வதை, பரீட்சை அறையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே நிற்கும் வாத்தியார் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்கார அக்கா உட்கார்ந்து, ரத்தம் வருகிறது, ஆனால் பேன் கிடையாது, அதையும் எழுதிக்கொள் என்றார். எழுதிக்கொண்டேன்.

கூட்டம் குறைந்த பிறகுதான் கவனித்தேன். முதல் தாள் கட்டிலும் ரைட்டர் பெயர் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. ஊருக்கெல்லாம் எழுதியவர் தனக்கு ஒரு தாள்கூட எழுதிக்கொள்ளவில்லை.

"இவர் பேரையும் எய்திக்கம்மா" என்று அத்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"உடு மே! எனக்கு ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்லாதவன் எதுக்குயா வாயில துணி வெச்சிகினு கீற? நா கட்ன பாவத்துக்கு தலகாணிய தோச்சே சாவுறேன்."

டாக்டரம்மா அவரை நாற்காலிக்குக் கூப்பிடவில்லை. எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ரைட்டர் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு விஷயம் சொல்லிடுங்கம்மா. ஆமான்னா இன்னா ஆவும்? இல்லைன்னா இன்னா ஆவும்?"

"தெரியாதுங்க. வாயப் பாத்தாதான் தெரியும்."

"அது சரிம்மா. இன்னா போட்டா புடுங்க மாட்டீங்க? அத்த மட்டும் சொல்லுங்க, அத்தையே போட்டுட்றேன்."

"அப்படி ஒரு பதில் இல்லையே" என்றார் டாக்டரம்மா.

ரைட்டர் முழித்தார். என்ன கொடுத்தால் தின்னும் என்று சொல்லமுடியாத ஒரு ஃபாரத்தை அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. ஒரு பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பிறகு அந்தப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீ எய்து கண்ணு. நா சொல்றேன்."

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார். ரத்தம் வருகிறது, தினமும். வீக்கம் இருக்கிறது. கீழ் வரிசை முன்பல் ஆடுகிறது, நாக்கு பட்டாலே தெரிகிறது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. குடம் குடமாக என்று சொல்லவில்லை. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிக் கேள்வி. "உங்களுக்கு ஈறு நோய் இருப்பதாக நினைக்கிறீர்களா? ஆம், இல்லை, தெரியவில்லை. மூணு கட்டம் இருக்கு மாமா."

மடியில் இருந்த கைக்குட்டையை நான்காக மடித்தார். "பயமா கீதுன்னு போடு."

"அதுக்குக் கட்டம் இல்ல மாமா."

"இல்லைனா வரைஞ்சிக்கோ. ஓரத்துல எடம் கீது பாரு."

வரைந்தேன். பக்கத்தில் 'பயமாக இருக்கிறது' என்று எழுதி, உள்ளே டிக் அடித்தேன். முழுவதையும் ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஊர்க் காகிதத்தில் எல்லாம் ஓடுகிற அந்த நீலக் கையெழுத்து அங்கே ஊர்ந்தது.

டாக்டரம்மா அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் படித்தார். "இன்னிக்கு எதையும் புடுங்க மாட்டேன். பாக்குறதும் சுத்தம் பண்றதும் மட்டும்தான்" என்றார்.

ரைட்டர் நாற்காலியில் ஏறிப் படுத்தார். வெளிச்சம் பிடிக்க வேண்டிய என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். கூட வந்திருந்த இன்னொரு உதவியாளரை விளக்குப் பிடிக்கச் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியை உள்ளே விட்டு, மெல்லிய கம்பியால் ஈறோரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

"இங்க வலிக்குதா?"

"ஆ."

"இங்க?"

"ஆ."

திறந்த வாயால் இல்லை என்று சொல்ல முடியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நாக்கு மேலே போய் ஒட்டினால்தான் இல்லை வரும். ரைட்டரும் அதைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது, கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார்.

"ஒரு பல்லு போயிடும், அதை நான் மறைக்கல" என்றார் டாக்டரம்மா. "மத்ததைக் காப்பாத்திடலாம். ஆனா நீங்க விடாம வரணும். வருவீங்களா?"

"ஆ."

டாக்டரம்மா கண்ணாடியையும் கம்பியையும் வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். "இப்ப வாய் உங்க கையிலதான் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க. வருவீங்களா?"

ரைட்டர் வாயை மூடினார். நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும்தான்.

"வர்றேம்மா" என்றார். என் கையை அப்போதும் அவர் விடவில்லை.